அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒலித்த குரல்

1991 ஆகஸ்ட் 14 அன்று சியோலில், கிம் ஹாக் சுன் என்ற முதிய பெண் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் செய்தியாளர்களிடம் பேசினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பதின்பருவத்திலேயே ஜப்பானிய ராணுவம் தன்னைப் பாலியல் அடிமையாக்கிய கொடுமையைக் கண்ணீருடன் விவரித்தார்.

ஏன் இத்தனை காலத் தாமதம்? ஊர்ப்பழிக்கு அஞ்சியே பாதிக்கப்பட்ட பெண்கள் பலரும் வாய் திறக்காமல் இருந்தார்கள்.

கிம் பேசியதும் மற்றவர்களுக்கும் துணிவு பிறந்தது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த டச்சுப் பெண் ஜான் ரஃப் ஓஹர்ன், தொலைக்காட்சியில் கொரியப் பெண்களைப் பார்த்த பிறகே, 1992இல் தனக்கு நேர்ந்ததை உலகறியச் சொன்னார். 1993இல் ஜப்பானிய அரசு, ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

கிம் 1997இல் காலமானார். அவர் பேசிய ஆகஸ்ட் 14, இன்று தென்கொரியாவில் அதிகாரபூர்வ நினைவு நாள்.