நிரல் எழுதுந் தொழிலும் பூசலார் கோயிலும்

சென்னையினின்று அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே உள்ளது திருநின்றவூர். பூசலார் நாயனாரது பதி அது. இறைவனுக்குக் கோயில் எடுக்க விழைந்த அவர், பொருள் தேடி எங்கும் கிட்டாமையால், அதனை மனத்தினுள்ளேயே கட்டினார் என்பது சேக்கிழார் உரைக்கும் வரலாறு. மனத்திற் கட்டியதாயினும் அவர் வேலையைச் சுருக்கிக்கொண்டாரில்லை. கல்லையும் தச்சரையும் எண்ணத்திற் சேர்த்து, நன்னாளில் அடிநிலை இட்டு, இரவும் உறங்காது, அடித்தளம் முதற் சிகரம் ஈறாக முறை பிறழாமல் எழுப்பி, சுதை பூசி, கிணறும் குளமும் மதிலும் அமைத்த பின்னரே குடமுழுக்கிற்கு நாள் குறித்தார். காஞ்சியினின்று அக்கோயிலைக் காண வந்த மன்னனோ, ஊரில் அப்படியொரு கட்டடம் இல்லையெனக் கேட்டுத் திகைத்தான்.

இக்காலத்தில் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் செய்வதும் ஏறக்குறைய இத்தகைய கட்டட வேலையே. நிரலாவது, பொறிக்கு இடுங் கட்டளைகளின் தொடர். அதனைக் கண்ணாற் காண்பது அரிது. கருத்தாற் கட்டுவது அன்றிக் கையாற் கட்டுவதன்று. எளியதோர் உதாரணம் காட்டுவாம். ஒரு வகுப்பிலுள்ள 60 மாணவர் பெற்ற எண்களுள் மிகப் பெரியதைக் கண்டு சொல்க என்றால், நமக்கு அது ஒரு பார்வையில் முடியும். பொறிக்கோ ஒவ்வோர் அடியும் சொல்லப்படல் வேண்டும். 'இதுகாறும் கண்ட பெரிய எண்' என ஓர் இடம் வகுத்து, அதில் முதற்கண் 0 இட்டு, பட்டியிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக அதனோடு ஒப்பிட்டு, பெரியது வந்தால் மாற்றுக என்று ஒரு மாணவன் எழுதுவான். விடை சரியாகவே வரும். பல்லாண்டு சரியாகவே வரலாம். அதே நிரலை லடாக்கிலுள்ள லே நகரின் பனிக்கால இரவு வெப்பநிலைகளுக்குப் பயன்படுத்தினால், எண்களெல்லாம் பூச்சியத்திற்குக் கீழே இருக்க, பட்டியிலேயே இல்லாத 0 என்பதனை விடையாகத் தரும். பட்டியின் முதல் எண்ணையே தொடக்கத்தில் இட்டிருந்தால் இவ்விடர் இல்லை. பொறி சொன்னதையே செய்தது. எண்ணிப் பாராதது மனிதன்.

இத்தொழிலை நம் நாட்டிற் பலர்க்குக் கற்பித்தவருள் முதன்மையானவர், 1933-இல் ஈரோட்டிற் பிறந்த வைத்தீஸ்வரன் ராஜாராமன். கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்தது. அதனைக்கொண்டு ஃபோர்ட்ரான் மொழியிற் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தப்பெற்றன. அவற்றை நடத்தியவருள் இவரும் ஒருவர். 1969-இல் அவர் வெளியிட்ட நிரலாக்க நூலும், பின்னர் எழுதிய பல நூல்களும், மாணவர் வாங்கத்தக்க விலையில் வந்தமையால், நாடெங்கும் பாடநூலாயின. அந்நாளில் நிரலின் ஒவ்வொரு வரியும் 80 பத்திகள் கொண்ட ஓர் அட்டையில் துளையிடப்படும். ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் அட்டையைத் திருத்தி மீண்டும் முறைக்குக் காத்திருத்தல் வேண்டும். அட்டைக்கட்டு கைதவறி விழுந்து கலைந்தால் அதன் துயரைச் சொல்லவேண்டுவதில்லை. இத்துன்பங்களை யாம் போற்றவில்லை. ஆயினும், பொறியின் நேரம் அரிதாயிருந்தமையின், மாணவர் தம் நிரலைத் தாளில் எழுதி, தாமே பொறியாக இருந்து வரிவரியாக மனத்தில் நடத்திப் பார்க்கும் வழக்கம் உண்டாயிற்று. அவ்வழக்கம் பொறிகள் மலிந்ததும் தேய்ந்தது.

ஆலந்து நாட்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (1930–2002) என்பார் இதனையே வேறு வகையில் வற்புறுத்தினார். 1972-இல் டியூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், நல்ல நிரலர் தம் மண்டையின் அளவு சிறிது என்பதனை அறிந்து அடக்கத்தோடு தொழில் செய்வர் என்னும் கருத்தை விளக்கினார். கணித நாட்டத்தோடு தாய்மொழியில் மிக்க தேர்ச்சியும் நிரலர்க்கு இன்றியமையாதது என 1975-இல் எழுதினார். இக்கருத்தைத் தமிழ்ப் பகுதியில் எடுத்துரைப்பதில் எமக்கு உவகையுண்டு; மறைப்பானேன்? தாம் எழுதிய நிரல் யாது செய்கிறது என்பதனைத் தம் மொழியில் நான்கு வாக்கியங்களில் தெளிவாகச் சொல்லமாட்டாதார், அதனை அறிந்தவராகார் என்பதே எம் துணிபு.

இவ்வினா திருநின்றவூர்ப் பக்கத்து இளைஞர்க்கு இப்பொழுது வாயிற்படியில் வந்து நிற்கிறது. அருகிலுள்ள பட்டாபிராமில் 21 அடுக்கு டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பெற்றது. அதே காலத்தில், கேட்டவுடன் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பரவின. இனி நிரல் கற்பதேன் என்று வினவுவோர் உளர். தொழில் தெரிந்தவர்க்கு இக்கருவி நல்ல ஏவலாள் என்பதில் ஐயமில்லை. கற்கும் மாணவர்க்கோ, அடிநிலையும் சுதையும் அறியாமற் சிகரத்தை மட்டும் காட்டும் ஏமாற்றமாக அது முடியலாம். முதலில் வேண்டுவதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தாளில் எழுதி, தாமே ஒரு முறை முயன்று, அதன்பின் கருவியின் விடையோடு ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளுக்குக் காரணம் தேடுவாராயின், அக்கருவியே நல்லாசிரியனாகவும் கூடும்.

நிரல் என்பது எழுதிய வரிகளன்று, எழுதியவர் உள்ளத்திலுள்ள கோட்பாடே என்று டென்மார்க்கைச் சார்ந்த பீட்டர் நௌர் 1985-இல் ஒரு கட்டுரையில் வாதித்தார். அதனை அறிந்தவர் கலைந்து போனால், வரிகள் எஞ்சியிருப்பினும் நிரல் இறந்ததாகும் என்பது அவர் கொள்கை. பூசலார் கோயிலுக்குப் பின்னாளிற் செப்பனிட வேண்டியதில்லை; நிரலுக்கோ அது ஓயாது வேண்டும். 2025 செப்டம்பர் 22-இல் நம் நாட்டுச் சரக்கு சேவை வரி விகிதங்கள் மாறின. 12 விழுக்காட்டிலிருந்த பொருள்களுட் பல 5-க்கு இறங்கின. கடைகளிற் பட்டி போடும் நிரல்களை மாற்றவேண்டியதாயிற்று. ஒரு நிரலினுள் 12 என்னும் எண் நூறு இடங்களிற் கிடக்குமாயின், அவற்றுள் வரி எது, ஆண்டின் திங்கள் எது, ஒரு டஜன் எது என்று பிரித்துச் சொல்ல வல்லவர், அதனைத் தம் உள்ளத்திற் கட்டியவரும் அவரிடம் கேட்டறிந்தவருமே.