லாட்ஜ் வாசலில் டாக்ஸி தகராறு: சட்டம் யார் பக்கம்?

கொடைக்கானலில் பத்து அறை வைத்துக் காட்டேஜ் நடத்துபவரிடம் சீசனில் எது பெரிய தலைவலி என்று கேட்டால், தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக டாக்ஸி ஸ்டாண்டைத்தான் சொல்வார். மதுரையிலிருந்து வாடகைக் காரில் வந்த குடும்பம் மறுநாள் காலை பில்லர் ராக்ஸ், குணா குகை, மன்னவனூர் என்று கிளம்பும். கார் கேட்டைத் தாண்டும் முன்பே நாலு பேர் வந்து நிற்பார்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணே, வந்த வண்டி ஓரமா நிக்கட்டும். சைட் சீயிங்குக்கு லோக்கல் வண்டிதான். உங்களுக்குத் தெரியாததா?"

"கெஸ்ட்டு மூணு நாளைக்குப் பேசிக் கூட்டிட்டு வந்த வண்டி தம்பி. நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

"சொல்லலைன்னா பரவாயில்லண்ணே. நாளையிலிருந்து உங்க காட்டேஜுக்கு ஸ்டாண்டுல இருந்து ஒரு வண்டி வராது. அப்புறம் உங்க இஷ்டம்."

காட்டேஜ்காரர் பணிந்து போவார். விருந்தினர் ஏற்கெனவே பேசிய வண்டிக்கும் பணம் கொடுத்து, உள்ளூர் வண்டிக்கும் கொடுப்பார். ஊருக்குத் திரும்பியதும் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போடுவார். அது டாக்ஸி சங்கத்தின் பெயரில் விழாது, காட்டேஜ் பெயரில்தான் விழும். ஊட்டியிலும் மூணாறிலும் கோவாவிலும் சிறிய விடுதி நடத்துபவர்கள் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு வாடகை வண்டி எங்கே ஓடலாம் என்பதை அதன் பெர்மிட் சொல்கிறது. பெர்மிட் கொடுப்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அமைந்த போக்குவரத்து ஆணையம். கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் அதே சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி மாநில அரசிடம் இருக்கிறது. வாகனம் நிறுத்தும் இடத்தைக் குறிப்பது 117ஆம் பிரிவின்படி அரசோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு செய்ய வேண்டியது. இந்த மூன்றில் எதுவும் டாக்ஸி சங்கத்தின் கையில் இல்லை. மஞ்சள் போர்டும் செல்லுபடியாகும் பெர்மிட்டும் உள்ள கார், தன்னை மொத்தமாக வாடகைக்குப் பேசிய குடும்பத்தை பெர்மிட் எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம். அதிலும் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. வண்டி எண்ணைப் பதிந்து இ-பாஸ் வாங்கி, சோதனைச் சாவடி தாண்டி வந்த வண்டி, அரசு அறிந்தே உள்ளே வந்த வண்டி. அதை வழியில் நிறுத்த ஸ்டாண்டுக்கு ஏது அதிகாரம்?

சங்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெளியூர் வண்டி, கொண்டுவந்த சவாரியை இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்று தலைக்கு இவ்வளவு என்று உள்ளூர் சவாரி ஏற்றினால் அது ஒப்பந்த ஊர்தி பெர்மிட்டுக்குப் புறம்பானது. அதைப் பற்றி ஆர்டிஓ அலுவலகத்தில் புகார் கொடுக்கச் சங்கத்துக்கு முழு உரிமை இருக்கிறது. வண்டியை மறிக்கும் உரிமைதான் இல்லை.

இந்த வேறுபாட்டை உணராததால் என்ன நடக்கும் என்பதை மூணாறு காட்டியது. 2025 இறுதியில் அங்கே வந்த மும்பைப் பெண் ஒருவர், ஆப் மூலம் பதிந்த காரில் ஏற முடியாதபடி உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் தடுத்தார்கள் என்றும், வந்த போலீசாரும் அவர்கள் பக்கமே பேசினார்கள் என்றும் வீடியோவில் சொன்னார். அது நாடு முழுக்கப் பரவியது. ஓட்டுநர்கள் கைதானார்கள், போலீசார் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கேரளத்தில் ஆன்லைன் டாக்ஸிக்குத் தடை எதுவும் இல்லை என்று போக்குவரத்து அமைச்சரே சொல்ல வேண்டியதாயிற்று. 'இங்கே இப்படித்தான் வழக்கம்' என்ற பேச்சை நம்பி நடந்தவர்களுக்கு அந்த வழக்கம் கைகொடுக்கவில்லை.

சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவு தரும் உரிமை. தொழில் செய்யும் உரிமை 19(1)(எ) பிரிவில் வருகிறது, அது காட்டேஜ்காரருக்கும் மதுரை ஓட்டுநருக்கும் சேர்த்துத்தான். சங்கம் பதிவு பெற்றது என்பதால் அதன் தீர்மானம் உறுப்பினர் அல்லாதவரைக் கட்டுப்படுத்தாது. இதில் 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்தும். மேற்கு வங்கத்தில் கலைஞர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் சேர்ந்த சங்கங்களின் கூட்டுக் குழு, இந்தி மகாபாரதத் தொடரை வங்காளத்தில் டப் செய்து ஒளிபரப்பக் கூடாது என்று சேனல்களை எச்சரித்தது. நாங்கள் தொழிற்சங்கம், போட்டிச் சட்டம் எங்களைத் தொடாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் கூடி, சந்தையில் இன்னொருவரை வரவிடாமல் செய்தால் அது போட்டிச் சட்டம் 2002இன் 3ஆம் பிரிவுக்குள் வரும். ஒவ்வொரு டாக்ஸி உரிமையாளரும் தனித் தொழில்காரர். அவர்கள் கூடி ஒரே கட்டணம் வைப்பதும், 'அந்த லாட்ஜுக்கு ஒரு வண்டியும் போகக் கூடாது' என்று முடிவெடுப்பதும் இதே கேள்வியை எழுப்பும். லாட்ஜ் உரிமையாளர் சங்கம் கூடி அறை வாடகையை நிர்ணயித்தாலும் சட்டம் அதேதான், இதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு சட்டம் தங்கள் பக்கம் இருந்தும் பல காட்டேஜ்காரர்கள் வாய் திறப்பதில்லை. காரணத்தை எல்லோரும் அறிவோம். கொட்டகையில் ஒரு ஒயிட் போர்டு கார் நிற்கிறது. கொடைரோடு ரயில் நிலையத்தில் விருந்தினரை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மலையேறி வருவது அந்தக் கார்தான். பில்லில் அதற்குத் தனியாகப் பணம் வாங்குகிறார்கள். சங்கத்துக்காரர்களின் கோபம் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது, அந்தக் கோபத்தில் தவறே இல்லை. வரி, எஃப்.சி., பெர்மிட், வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸ் என்று எல்லாம் கட்டி, வங்கித் தவணையும் கட்டுகிறவர், இது எதுவும் கட்டாத வண்டி தன் சவாரியைத் தூக்கிப்போவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பார்?

ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் இதில் சிக்குவார். 53ஆம் பிரிவின்படி வண்டியின் பதிவையே நிறுத்தி வைக்கலாம். ஆனால் அபராதம் சின்ன விஷயம். தனிநபர் காருக்கான இன்சூரன்ஸ் பாலிசியில், வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். மழையில் கொண்டை ஊசி வளைவில் கார் சரிந்து, பின் இருக்கையில் இருந்த பெரியவருக்கு இடுப்பு முறிந்தது என்று வையுங்கள். விசாரணையில் காட்டேஜ் பில்லில் 'பிக்கப்' என்று ஒரு வரி இருந்தால் போதும், இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் சொன்னாலும், கடைசியில் அந்தத் தொகை காட்டேஜ்காரர் தலையில்தான் விடியும். ஒரே விபத்தில் காட்டேஜே கைமாறிப் போகலாம்.

பணம் வாங்காமல் இலவசமாகத்தானே கூட்டி வருகிறோம் என்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அறை வாடகைக்குள் அது அடங்கியிருக்கிறது என்று ஆர்டிஓ கருத இடம் இருக்கிறது. ஆறு பேருக்கு மேல் ஏறும் வேனைத் தனிக் கட்டணமின்றி விடுதி விருந்தினருக்காக ஓட்டுவதற்கு, 76ஆம் பிரிவில் தனியார் சேவை வாகன பெர்மிட் என்று ஒன்று உண்டு. கட்டணம் வாங்குவது என்றால் காரை மஞ்சள் போர்டுக்கு மாற்றிவிடுங்கள். செலவுதான். ஆனால் மஞ்சள் போர்டு மாட்டிய அன்றே கேட்டில் நின்று பேசும் தைரியம் வந்துவிடும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. 'உங்க காட்டேஜுக்கு லைசென்ஸ் இருக்கா, பிளான் அப்ரூவல் இருக்கா?' என்ற ஒரே கேள்வியில் பலர் அடங்கிப் போகிறார்கள். 2019இல் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து விதிமீறல் கட்டடங்களுக்கு சீல் வைத்ததைக் கண்ட ஊர் கொடைக்கானல். உரிமம் சரியில்லாதவர் எந்த அலுவலகத்திலும் புகார் மனு நீட்ட முடியாது. அதைச் சரிசெய்வது டாக்ஸிப் பிரச்சினையின் முதல் படி என்றே சொல்வேன்.

கமிஷன் விஷயத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டு வண்டியைக் கூப்பிட்டுவிட்டு, டிரிப்புக்கு இவ்வளவு என்று ஓட்டுநரிடம் கழித்துக்கொள்ளும் விடுதிகள் நிறைய. அந்தப் பணத்தை ஓட்டுநர் விருந்தினரிடம்தான் ஏற்றி வாங்குவார். கமிஷனை விட்டுக்கொடுத்த காட்டேஜ்காரரால் சங்கச் செயலாளரிடம் உட்கார்ந்து பேச முடியும்: வண்டி கேட்கும் விருந்தினருக்கு முதலில் ஸ்டாண்டு வண்டியையே சொல்கிறோம், நீங்கள் கட்டண அட்டை கொடுங்கள், வரவேற்பறையில் ஒட்டுகிறோம், ஏற்கெனவே வண்டியோடு வருபவரை நீங்கள் தொடக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். ஓட்டுநர் நேரத்துக்கு வராவிட்டால், பேசியதற்கு மேல் கேட்டால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கட்டும். விடுதி ஏற்பாடு செய்த வண்டியில் குறை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி விருந்தினர் விடுதியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். ஆகவே எந்த வண்டியைச் சொன்னாலும் அதன் பெர்மிட், இன்சூரன்ஸ் நகலை வாங்கி வைப்பது உங்கள் பாதுகாப்புக்கு.

பேச்சு பலிக்காமல் வண்டியை மறித்துவிட்டார்கள் என்றால் கைகலப்பில் இறங்காமல் 100 அல்லது 112க்கு அழையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒருவர் போகும் வழியை மறிப்பது 126ஆம் பிரிவுக் குற்றம், மிரட்டல் 351ஆம் பிரிவு, 'சங்க நிதி' என்று வெளியூர் வண்டியிடம் மிரட்டிப் பணம் பறித்தால் 308ஆம் பிரிவு. சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்து மேலே புதுப் பதிவு ஏறிவிடும், அன்றே தனியாகச் சேமித்து வையுங்கள். நீதிமன்றத்தில் அதைச் சான்றாகக் காட்ட பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டும். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பலாம், அதற்கு மேல் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

நடைமுறையில் போலீஸ் இதைக் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் தலைமையில் அமைதிப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளிவிடும். காட்டேஜ்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். அறை நிறைய சங்கத்து ஆட்கள், எதிரே இரண்டு விடுதிக்காரர்கள். 'உள்ளூர் சுற்றுலாவுக்கு உள்ளூர் வாகனங்களையே பயன்படுத்த ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளை எல்லா இடத்திலும் அதையே நீட்டுவார்கள். விருந்தினரின் உரிமையை அவர் இல்லாத கூட்டத்தில் நீங்கள் எழுதிக்கொடுக்க முடியாது. முழுதாகப் படியுங்கள், ஒப்பாததற்கு 'ஏற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நகல் கேளுங்கள்.

கூட்டத்துக்கு முன்பே ஒரு தகவல் உரிமை மனு போட்டு வைப்பது நல்லது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். நகராட்சியிடமும் ஆர்டிஓவிடமும் கேட்க வேண்டியது: அந்த ஸ்டாண்டு அறிவிக்கப்பட்ட நிறுத்தமா? வெளியூர் வாடகை வண்டிகள் உள்ளூரில் சுற்றக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதா, இருந்தால் நகல் தருக. அப்படி உத்தரவு எதுவும் எங்களிடம் இல்லை என்று கையெழுத்தோடு ஒரு பதில் வந்தால், பேச்சுவார்த்தை மேசையில் அதைவிடப் பெரிய பலம் கிடையாது.

தொடர்ந்து கேட்டை மறித்தால் முன்சீப் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கேட்கலாம். பொதுவழி மறிப்பு என்றால் கோட்டாட்சியருக்கே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) 152ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. போலீஸ் பாதுகாப்பு வேண்டி உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் கொடைக்கானலுக்கு மதுரைக் கிளை, நீலகிரிக்குச் சென்னை. டெல்லியில் உள்ள போட்டி ஆணையத்துக்குத் தனி ஆளாகப் போவது சிறிய காட்டேஜுக்குக் கட்டுப்படியாகாது, உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து போகலாம்.

இத்தனை வழியிலும் அதிக எடை விருந்தினரின் சொந்தப் புகாருக்குத்தான். சுற்றுலா உதவி எண் 1363, முதல்வரின் உதவி மைய எண் 1100 இரண்டையும் வரவேற்பறையில் எழுதி வையுங்கள். மறிக்கப்பட்டவர் அறையைக் காலி செய்யும் முன்பே, நடந்ததை அவர் கையால் பத்து வரி எழுதி, தேதியும் வண்டி எண்ணும் தன் போன் நம்பரும் போட்டுக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ச் சேர்ந்த பிறகு விசாரணை அதிகாரியின் போனை எடுத்துப் பேச அவருக்கு நேரம் இருக்காது.