"நல்லாத்தான் இருந்தாங்க" போதுமா?

ஐ.சி.யூ.வில் ஒருவரைச் சேர்த்ததும் டாக்டர் வெளியே வந்து, "இதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?" என்று கேட்பார். வாசலில் நிற்கும் ஆண்கள், "நல்லாத்தான் இருந்தாங்க டாக்டர்" என்று ஒரே வரியில் முடித்து விடுவார்கள். தெருமுனைக் கடைக்குத் தானே போய் பால் வாங்கி வந்தவரும் நல்லாத்தான் இருந்தார். பாத்ரூம் போகக் கை பிடிக்க ஆள் தேவைப்பட்டவரும் நல்லாத்தான் இருந்தார்! டாக்டர் இதில் எதை எழுதிக்கொள்வார், சொல்லுங்கள்.

போன வருஷம் என் மாமியாரை நிமோனியாவுக்காகச் சேர்த்தபோது என் கணவரும் இதையேதான் சொன்னார். அவர் காலையில் போனால் ராத்திரி வருகிறவர். அப்போது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டு இருப்பார். ஆறு மாதமாக மாடிப்படி ஏறவில்லை, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, நான் தண்ணீர் விளாவி ஊற்றினால்தான் குளியல். இதெல்லாம் கூடவே இருக்கிற நமக்குத்தானே தெரியும்? முன்னால் போய் அத்தனையும் சொன்னேன்.

என் நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பலவீனம்னு நீயே சொன்னா, வயசானவங்கதானேன்னு கைவிட்டுட மாட்டாங்களா?" என்று அழுதார். அந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். அசையாமல் படுத்திருந்தால் சில நாளிலேயே தசை கரைய ஆரம்பிக்குமாம். முன்பே தளர்ந்தவர் தேறி நடக்க ரொம்ப நாள் பிடிக்கும். வென்டிலேட்டர் வைத்தால் அதை எடுப்பதும் கஷ்டம். இது முன்கூட்டியே தெரிந்தால் சத்தான ஆகாரம், உட்கார வைத்துப் பழக்குவது எல்லாம் சீக்கிரமே ஆரம்பிப்பார்கள். எந்த வைத்தியம் அவர் உடம்புக்குத் தாங்கும் என்பதையும் வீட்டாரிடம் மறைக்காமல் பேச முடியும். நாம் மறைத்தால் அவருக்குத் தெம்பு கூடிவிடப் போகிறதா என்ன?

வயதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார் அவர். எண்பதில் தோட்ட வேலை செய்கிறவரும் உண்டு, அறுபதில் ஓய்ந்து போனவரும் உண்டு. இந்தத் தளர்ச்சியை அளக்கக் கனடாவில் டாக்டர் ராக்வுட் என்பவரும் மற்றவர்களும் 2005ல் ஓர் அளவுகோலே வெளியிட்டார்களாம். முதலில் 7 படி, பிறகு அதை 9 ஆக்கினார்கள். நோய் கண்ட அன்றைய நிலையை அதில் பார்ப்பதில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்பதுதான் கணக்கு. தூக்கி வருகிற அன்றைக்கு யார்தான் எழுந்து நிற்பார்கள்?

இன்னொரு விஷயம், குடி. வீட்டு ஆண் தினமும் குடிக்கிறவர் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு அதை மறைக்காதீர்கள். திடீரென்று நின்றுபோனால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, கண்டதையும் உளறி, வலிப்புகூட வரலாம். காரணம் தெரியாமல் டாக்டர்கள் வேறெங்கோ தேடிக்கொண்டு இருப்பார்கள். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை, நாட்டு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் ஈ.சி.ஜி.யையும் தூக்கிப் போடாதீர்கள். கிரியாட்டினின் முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான், சிறுநீரகம் இப்போது கெட்டதா, முன்பே அப்படித்தானா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

கண்ணாடியையும் காது மிஷினையும் நாம் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவோம் இல்லையா? நர்ஸிடம் கேட்டு அங்கேயே கொடுத்துவிடுங்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் கிடந்தால் பெரியவர்களுக்குச் சீக்கிரம் புத்தி தடுமாறிப் போகிறது.

இப்போது எங்கள் வீட்டில் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் மாமியாருக்கு. எவ்வளவு நடக்கிறார், எதற்கெல்லாம் துணை வேண்டும், எடை, மாத்திரை என்று மாதா மாதம் முதல் தேதியில் எழுதி வைக்கிறேன். "என் ஜாதகமா எழுதறே?" என்று கேட்டுவிட்டு, எடையை மட்டும் ஒரு கிலோ கூட்டிப் போடச் சொல்கிறார்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்