வெள்ளம் வருமுன்

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோர ஊர்களைச் சூறையாடிற்று. அடுத்த ஆண்டிலேயே இலங்கையில் இடர் முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று திட்டங்கள் கிராமம் வரை வந்துள்ளன. நேயர்களே, அவற்றுள் மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு இடமுண்டா?

ஒலிபெருக்கியின் எச்சரிக்கை செவிப்புலனற்றவளுக்கு எட்டாது. அயலார் ஒருவர் நேரிற் சென்று சைகையால் உணர்த்தல் வேண்டும். இரவாயின் கையில் விளக்கும் வேண்டும். பார்வையற்றவள் வெள்ளம் மூடிய பாதையில் தனித்துச் செல்ல இயலாள். சக்கர நாற்காலியில் இருப்பவளுக்குப் பாடசாலைப் படிகளே தடையாகும். குளிக்கவும் உடுக்கவும் பிறர் துணை வேண்டிய பெண், மறைவான மலசலகூடம் இல்லாத தங்குமிடத்துக்குச் செல்லவே அஞ்சுவாள். வீட்டிலேயே தங்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து.

இக்குறைகளை அவளே நன்கு அறிவாள். ஆதலின் கிராமக் குழுவில் அவளும் அங்கத்தவராதல் வேண்டும். 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சமவாயம், இடர்க்காலத்தில் அவர்களைக் காத்தலை அரசின் கடமையாக வகுத்துள்ளது. அவளுடைய வீடு எது, துணைக்கு வருபவர் யார், தேவையான மருந்து யாது என்பன முன்கூட்டியே பதியப்படல் வேண்டும். ஒத்திகை நாளில் அவளையும் அழைத்துச் சென்றால், வழி எங்கே தடைப்படுகிறது என்பது புலனாகும். மாரி தொடங்குமுன் இதனைச் செய்தல் நன்று.