கொள்கையை ஆராய்வோருக்குக் கொள்கை இல்லை

புது தில்லி: தலைநகரின் ஐ.டி.ஓ. சந்திப்பை ஒட்டிச் செல்லும் பகதூர் ஷா ஜாஃபர் மார்க், பத்திரிகை அலுவலகங்களுக்குப் பெயர் பெற்ற சாலை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தலைமை அலுவலகமும் அங்குதான் உள்ளது. 2015 அக்டோபரில் அந்த அலுவலக வாசலை ஆய்வு மாணவர்கள் முற்றுகையிட்டனர். தேசியத் தகுதித் தேர்வின் (நெட்) வழியாக உதவித்தொகை பெறாத எம்.ஃபில்., பிஎச்.டி. மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் வழங்கப்பட்டு வந்த தொகையை நிறுத்திவிட யுஜிசி எடுத்த முடிவே அதற்குக் காரணம். போலீஸ் நடவடிக்கைக்கும் கலையாமல் போராட்டம் வாரக்கணக்கில் நீடித்தது. உதவித்தொகை தொடரும் என மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அறிவித்தது.

மாணவர்கள் போராடிக் காப்பாற்றிக்கொண்ட தொகை எவ்வளவு தெரியுமா? பிஎச்.டி. மாணவருக்கு மாதம் ரூ.8,000. 2012-இல் நிர்ணயிக்கப்பட்ட இந்தத் தொகை, பத்தாண்டுகள் கடந்தும் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. 2025 ஏப்ரலில் தில்லி அரசு அறிவித்த, பயிற்சி பெறாத தொழிலாளருக்கான குறைந்தபட்ச மாத ஊதியம் ரூ.18,456. முதுகலை முடித்து, நுழைவுத் தேர்வில் வென்று, முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும் ஒருவருக்கு அதில் பாதிகூட இல்லை.

ஏணியின் படிகள்: ஆய்வு மாணவர் அனைவரும் இந்த நிலையில் இருப்பதாகக் கூற முடியாது. நெட் தேர்வில் உயர் மதிப்பெண் பெற்று இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு (ஜேஆர்எஃப்) தேர்வாகிறவர்களுக்கு முதல் இரு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, அதன் பின்னர் ரூ.42,000 என 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னர் 2014, 2019 ஆகிய ஆண்டுகளிலும் இந்தத் தொகை உயர்ந்தது. அதாவது, ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் தங்கி, ஒரே நூலகத்தில் படிக்கும் இருவரில் ஒருவருக்கு மூன்று முறை உயர்வு கிடைத்துள்ளது. மற்றவருக்கு ஒருமுறைகூட இல்லை.

ஏணியின் உச்சியில் இருப்பது பிரதமரின் ஆய்வு உதவித்தொகை. 2018-19 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் மாதம் ரூ.70,000 முதல் ரூ.80,000 வரையும், ஆண்டுக்கு ரூ.2 லட்சம் ஆய்வு மானியமும் வழங்கப்படுகின்றன. ஆனால், அது அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கானது. 2025 பட்ஜெட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு அறிவிக்கப்பட்ட 10,000 உதவித்தொகைகளும் ஐஐடி, ஐஐஎஸ்சி நிறுவனங்களில் தொழில்நுட்ப ஆய்வுக்கே. ரேஷன் முறை, ஊராட்சி நிதி, வேலை உறுதித் திட்டம், அரசு மருத்துவமனை என அரசின் செயல்பாடுகளை ஆராயும் பொதுக்கொள்கை மாணவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களின் நிலை இன்னும் மோசம். யுஜிசியின் ரூ.8,000 திட்டம் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரியது. நாட்டின் ஆய்வு மாணவர்களில் பெரும் பகுதியினர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களில், ஜேஆர்எஃப் அல்லது வேறு சிறப்பு உதவித்தொகை பெறாதவர்கள் மாநில அரசின் தயவையோ குடும்பத்தின் சேமிப்பையோ நம்பியிருக்க வேண்டியதுதான்.

துறை வளர்ந்தது, துணை வளரவில்லை: பொதுக்கொள்கை என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களில் அண்மைக்காலத்தில் வேகமாக வளர்ந்து வரும் துறை. ஐஐடி தில்லி இதற்கெனத் தனிப் பள்ளியையே தொடங்கியுள்ளது. ஐஐஎம் பெங்களூரில் பொதுக்கொள்கை மையம் உள்ளது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சட்டம் மற்றும் ஆளுகை ஆய்வு மையம் செயல்படுகிறது. இவற்றில் ஐஐடி, ஐஐஎம் நிறுவனங்கள் தமது முழுநேர ஆய்வு மாணவர்களுக்குத் தாமே உதவித்தொகை அளிக்கின்றன. பல்கலைக்கழக மாணவர்கள் பொருளாதாரம், அரசியல் அறிவியல், பொது நிர்வாகம் போன்ற பாடங்களில் நெட் எழுதித்தான் அத்தகைய ஆதரவைப் பெற முடியும்.

அந்தத் தேர்வும் எப்போதும் நம்பத்தக்கதாக இருந்ததில்லை. 2024 ஜூன் 18-ஆம் தேதி 9 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதிய நெட் தேர்வு, முறைகேட்டுச் சந்தேகத்தால் மறுநாளே ரத்து செய்யப்பட்டது. ஆகஸ்டு இறுதியில் மறுதேர்வு தொடங்கியது. அதே ஆண்டுதான் பிஎச்.டி. சேர்க்கைக்கே நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என யுஜிசி அறிவித்திருந்தது. அந்த ஏற்பாட்டின்படி 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்ற தனிப் பிரிவும் உருவானது. அப்பிரிவில் தேறுவோருக்கு இடம் கிடைக்கலாம், உதவித்தொகை கிடையாது.

சமூக அறிவியல் ஆய்வுக்கு ஆய்வகம் தேவையில்லை, எனவே செலவும் இல்லை என்ற எண்ணம் அதிகார வட்டத்தில் நெடுங்காலமாக உண்டு. இது தவறு. விரல்ரேகை பதியாததால் ரேஷன் அரிசி கிடைக்காதவர்களைப் பற்றி ஆராய வேண்டுமானால், அந்தக் கிராமத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். பேருந்துக் கட்டணம், தங்குமிடம், மொழிபெயர்ப்பாளருக்கான ஊதியம் என அனைத்தும் மாணவரின் கையிலிருந்தே செலவாகும். பணமில்லாத மாணவர் என்ன செய்வார்? அமைச்சகங்களின் இணையதளத்தில் உள்ள புள்ளிவிவரங்களைக் கொண்டே ஆய்வேட்டை முடிப்பார். அரசு தன்னைப் பற்றிச் சொன்னதை அரசுக்கே திருப்பிச் சொல்வதாக அந்த ஆய்வு முடிந்துவிடும்.

தாமதம் எனும் தண்டனை: ஒதுக்கப்பட்ட தொகையும் உரிய காலத்தில் வருவதில்லை என்பது ஆய்வு மாணவர்களின் நெடுநாள் புகார். யுஜிசி உதவித்தொகை பெறும் மாணவரின் வருகையை அவரது கல்வி நிறுவனம் மாதந்தோறும் இணையதளத்தில் உறுதி செய்ய வேண்டும். இரண்டாண்டு முடிவில் நிபுணர் குழு மதிப்பிட்ட பின்னரே உயர் விகிதம் கிடைக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பணம் நின்றுவிடும். பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினருக்கான உதவித்தொகைத் திட்டங்களின் நிர்வாகம் 2022-இல் யுஜிசியிடமிருந்து அந்தந்தப் பிரிவினருக்கான நிதி மேம்பாட்டுக் கழகங்களுக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பின்னரும் மாதக்கணக்கில் நிலுவை என்ற குரல் ஓயவில்லை.

சச்சார் குழு அறிக்கைக்குப் பின்னர் 2009-இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. பிற திட்டங்களுடன் இது ஒன்றின்மேல் ஒன்றாக அமைகிறது என்பது மக்களவையில் அரசு தந்த விளக்கம். ஒரே மாணவர் இரு உதவித்தொகை பெறுவதற்கு ஏற்கெனவே தடை உள்ள நிலையில், ஒரு திட்டத்தையே கைவிட வேண்டிய தேவை என்ன என்ற கேள்விக்கு நிறைவான பதில் இல்லை.

தாமதத்தின் விலை என்ன என்பதை நாடு ஒருமுறை கண்டது. 2016 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்ட ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா, தமது கடைசிக் கடிதத்தில் தமக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை ரூ.1.75 லட்சத்தைத் தம் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுமாறு கேட்டிருந்தார். அவரது மரணம் குறித்து அரசியல் கட்சிகளிடையே எத்தனையோ விவாதங்கள் நடந்தன. அந்த ஒரு வரி எழுப்பிய நிர்வாகக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

சட்டத்தில் சுருங்கிய இடம்: தேசிய கல்விக் கொள்கை 2020 முன்மொழிந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் சமூக அறிவியலுக்கும் கலைப் புலங்களுக்கும் இடம் தரப்பட்டிருந்தது. 2023-இல் நாடாளுமன்றத்தில் சட்டமானபோது, ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.50,000 கோடி இலக்குடன் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் வரம்பு, அறிவியலும் தொழில்நுட்பமும் சமூக அறிவியலைத் தொடும் இடங்கள் என்ற அளவுக்குக் குறுகிவிட்டது. இனி இத்துறைகள் பெரிதும் நம்பியிருக்க வேண்டியது, 1969-இல் நிறுவப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் குறைந்த எண்ணிக்கையிலான உதவித்தொகைகளையே.

அரசின் நிதி வரம்புக்கு உட்பட்டது என்பதும், பொதுப்பணத்தைப் பெறுவோரின் தகுதியைச் சோதிக்க ஒரு தேர்வு வேண்டும் என்பதும் நியாயமான வாதங்களே. ஆனால், தகுதியைச் சோதித்து ஆய்வில் சேர்த்துக்கொண்ட பின்னர் பட்டினி போடுவது எந்த நியாயத்தில் சேரும்? மத்தியப் பல்கலைக்கழகமோ மாநிலப் பல்கலைக்கழகமோ, முழுநேர ஆய்வு மாணவர் எவருக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாத ஓர் அடிப்படைத் தொகை. அகவிலைப்படி போல விலைவாசிக்கேற்ப அதில் தானாக நிகழும் உயர்வு. மாத முதல் வாரத்தில் பணம் வராவிட்டால் பொறுப்பேற்க ஓர் அதிகாரி. இந்த மூன்றையும் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

ஜேஎன்யு, ஐஐடி வளாகங்களை ஒட்டிய முனிர்கா, பேர் சராய் பகுதிகளின் நெருக்கமான சந்துகளில் வாடகை அறைகளை நம்பியிருக்கும் மாணவர்கள் பலர். அங்கு வாடகை ஒவ்வோர் ஆண்டும் உயர்கிறது. குடும்பத்திலிருந்து பணம் வருகிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஆய்வைப் பாதியில் விட்டு வேலை தேடுவதே வழி. ஏழைகளுக்கான திட்டங்கள் ஏழைகளைச் சென்று சேர்ந்தனவா என்று ஆராயும் பணி, நாளடைவில் வசதி படைத்தோரின் கைக்கு மட்டுமே போய்ச் சேரும். அதன் இழப்பு அந்த மாணவர்களோடு முடிந்துவிடுவதில்லை.