முதுமையும் வழியறிவும்

இளமையில் நாளும் நடந்த ஓர்ஸ் ஹில் ஏற்றத்தை மூத்த பழைய மாணவர் தடுமாறாது ஏறுவதையும், புதிய குறுக்குத்தெருவில் திகைத்து நிற்பதையும் நாம் காண்கின்றோம். இதன் காரணம் யாது?

மூளையினுள் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியே இடங்களை நினைவிற் படமாக வரைய உதவுவது. அதிலுள்ள இட உயிரணுக்களை 1971இல் அறிவித்த ஜோன் ஓ'கீஃப், 2014இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். முதுமையில் அப்பகுதி சுருங்குவதால், புதுப்படம் வரைதலும் குறுக்குவழி காண்டலும் அரிதாகின்றன. நெடுநாட் பழகிய வழியோ பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

ஆதலின், வழி கேட்கும் முதியோர்க்குத் திசை கூறுவதோடமையாது, கோயிலையும் சந்தியையும் துறைமுகத்தையும் அடையாளங் காட்டுவோமாக. பழகிய தெருவிலேயே ஒருவர் அடிக்கடி வழிதவறுவாராயின், அது முதுமையின் இயல்பென்று விடத்தக்கதன்று. மறதிநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். நகையாது அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடன்.