ஒரே கூரை, இரண்டு கட்டடங்கள்: விரிவு இடைவெளியும் பக்கவாட்டுப் பிணைப்பும்

வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஒரு மீட்டர் எஃகு 0.012 மில்லிமீட்டர் நீளும். கேட்பதற்கு இது சொற்பம். ஆனால் 300 மீட்டர் நீளத் தொழிற்கூடத்தில் வெப்பம் 30 டிகிரி ஏறினால், நீட்சி 108 மில்லிமீட்டரைத் தொடும். இதற்கு வழிவிடக் கட்டடத்தின் குறுக்கே விடப்படுவதுதான் விரிவு இடைவெளி. கட்டுமானத் தளங்களில் இதை எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் என்பார்கள்.

காற்றும் நிலநடுக்கமும் கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. எஃகுக் கொட்டகைகளில் அகலவாக்கில் வரும் தள்ளலைத் தூணும் உத்தரமும் இறுகப் பிணைந்த சட்டங்களே தாங்கிக்கொள்ளும். நீளவாக்கில் அந்த வலு இல்லை. அதனால் இரு தூண்களுக்கு நடுவே எக்ஸ் வடிவில் பிரேசிங் எனப்படும் குறுக்குப் பிணைப்பைப் பொருத்துகிறார்கள். முகப்புச் சுவரில் மோதும் காற்றின் விசை கூரைப் பிணைப்புக்கும், அங்கிருந்து கூரை விளிம்புக் கம்பிகள் வழியே தூண்களிடைப் பிணைப்புக்கும், கடைசியில் அடித்தளத்துக்கும் போய்ச் சேர வேண்டும். இந்தச் சங்கிலி எங்கும் அறுபடக் கூடாது.

விரிவு இடைவெளி அந்தச் சங்கிலியை அறுக்கிறது. அதன் வழியே தள்ளலும் கடக்காது, இழுப்பும் கடக்காது. ஆகவே இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பகுதிகள் கணக்கில் தனித்தனிக் கட்டடங்கள். ஒரு பாதியில் மட்டும் பிணைப்பு இருந்தால் மறுபாதி காற்றில் சாயும். இருபுறமும் தனித்தனித் தூண் வரிசை வைப்பதே தெளிவான முறை. மண்ணுக்கடியில் வெப்பமாற்றம் குறைவு என்பதால், அந்த இரட்டைத் தூண்களுக்கு அடித்தளம் மட்டும் பொதுவாக இருக்கலாம்.

பிணைப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. இரு முனைகளையும் பிணைத்தால் நடுவிலுள்ள எஃகு நீள இடமின்றி இறுகும். அசைய முடியாத எஃகில் 30 டிகிரி வெப்பம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 72 நியூட்டன் தகைவை உண்டாக்கும். சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் வலுவுள்ள சாதாரணக் கட்டுமான எஃகின் திறனில் அது கால் பங்குக்கும் மேல். பிணைப்பைப் பகுதியின் நடுவில் வைத்தால் நடு நிலையாக நிற்கும், இரு முனைகளும் தாராளமாக நகரும்.

இந்தியத் தர விதியான ஐ.எஸ். 800 இதற்கு எல்லை வகுக்கிறது. மூடிய கட்டடத்தில் நடுவே ஒரு தொகுதிப் பிணைப்பு இருந்தால் பகுதியின் நீளம் 180 மீட்டர் வரை போகலாம். இரண்டு தொகுதிகள் வைத்தால் அவற்றுக்கிடையே 50 மீட்டர், பிணைப்பிலிருந்து அருகிலுள்ள முனைக்கு 90 மீட்டர், மொத்தம் 230 மீட்டர் என்பது வரம்பு. அந்த 300 மீட்டர் தொழிற்கூடத்தை 150 மீட்டர் வீதம் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் பிணைப்பை வைக்கலாம். அப்போது 30 டிகிரி வெப்பத்தில் ஒவ்வொரு பாதியும் இடைவெளியை நோக்கி 27 மில்லிமீட்டர் நகரும். இடைவெளி 54 மில்லிமீட்டர் சுருங்கும்.

வெப்பக் கணக்கோடு இடைவெளியின் அகலம் முடிவாகிவிடாது. நிலநடுக்கத்தில் இரு பகுதிகளும் எதிரெதிராக ஆடி மோதலாம். 1985இல் மெக்சிகோ நகரில் அடுத்தடுத்த கட்டடங்கள் இப்படி மோதிப் பலத்த சேதமடைந்தன. ஐ.எஸ். 1893 விதி, கணக்கிட்ட இடப்பெயர்ச்சிகளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நிலநடுக்க விசையைக் குறைத்துக் கணக்கிடப் பயன்பட்ட அதே காரணியால் அவற்றைப் பெருக்கச் சொல்கிறது. உண்மையான ஆட்டம் கணக்கைவிடப் பெரிது என்பதே காரணம்.

கான்கிரீட் கட்டடங்களுக்கும் இதே தத்துவம்தான். 45 மீட்டரைத் தாண்டினால் விரிவு இடைவெளி வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. அங்கே பிணைப்பின் வேலையைச் சட்டங்களோ கான்கிரீட் சுவர்களோ செய்கின்றன. பிரித்த பகுதியொன்றில் லிஃப்ட் சுவர் ஒரு ஓரத்தில் மட்டும் அமைந்தால், அந்தப் பகுதி முறுக்கிக்கொள்ளும். ஆகவே சுவர்கள் இரு திசைகளிலும் சமச்சீராக அமைய வேண்டும்.

இடைவெளியைக் கடக்கும் கூரைத் தகடு, மழைநீர்க் கால்வாய், குழாய், கிரேன் தண்டவாளம் ஆகியவையும் நகர இடம் பெற வேண்டும். இடைவெளியில் சாந்து விழுந்து இறுகினால் எல்லாக் கணக்கும் வீணாகும். வரைபடத்தைச் சரிபார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: இடைவெளிக்கு ஒரு பக்கத்தைக் காகிதத்தால் மறைத்தால், மறுபக்கம் தன் காலிலேயே நிற்கும் கட்டடமாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை.